கொழுந்துத் தராசில் பிள்ளைகள்

டோரீனுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. கோயிலில் பூசை நேரத்தில் சிரித்து இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டவள் அவள். அட்டனில் பிள்ளை பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "இந்தச் சிரிப்ப சின்னப் புள்ளைங்கதான் தாங்கும்" என்று சொல்லி அப்பா பத்திநாதன் அவளைச் சேர்த்துவிட்டார். அதில் தேறாவிட்டால் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்க வேண்டும். அங்கே சிரிப்புக்கு வேலையில்லை.

1961 ஜூனில் செய்முறைப் பயிற்சிக்காக நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்திற்கு அவளை அனுப்பினார்கள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாலூட்டித் தூங்க வைப்பது அவள் வேலை. ஆகஸ்ட் முடிவில் இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும். வந்த அன்று பிள்ளைகளின் எடை என்ன, போகும்போது என்ன என்று அதில் காட்டியாக வேண்டும். எடை ஏறாவிட்டால் சான்றிதழ் இல்லை.

எடை எடுக்கும் முன்பே டோரீன் அறிக்கையின் கடைசி வரியை எழுதிவிட்டாள்: "என் பராமரிப்பில் பிள்ளைகள் பூசணிக்காய் போலப் பெருத்தனர்."

முதல் எடை எடுத்தது டிஸ்பென்சரித் தராசில். இடையில் தோட்டத்துத் துரையின் மனைவி, தொரைசாணி, தன் கொழுத்த நாயை அதில் ஏற்றி நிறுத்ததில் அது உடைந்துபோயிற்று. மிஞ்சியது, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்துத் தொங்கு தராசுதான். அறிக்கை கொடுக்கும் நாள் காலை, தூறலில், பதினோரு பிள்ளைகளும் கொழுந்துக் கூடைகளில் ஊர்வலம் போனார்கள். பிள்ளைமடுவத்து ஆயா மரியநாயகி முன்னே நடந்தாள். கூடைகளுக்குள் ஒரே கும்மாளம்.

கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் ஒவ்வொரு கூடையாகக் கொக்கியில் மாட்டி, கொழுந்துக்குக் கூவும் அதே ராகத்தில் எடையைக் கூவினார். டோரீன் எழுதிக்கொண்டே வந்தாள். நாலாவது பிள்ளையில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அதுவரை நிறுத்த எல்லாப் பிள்ளையும் இளைத்திருந்தது! பூசணிக்காய்கள் புடலங்காய்களாகிவிட்டன.

"ஆயா, நான் தேற மாட்டேன்" என்றாள் டோரீன். வெங்காய வாடை அப்போதே மூக்கில் ஏறியது.

தன் கொழுந்தை நிறுக்க வரிசையில் நின்ற சண்முகவடிவுக்கு அது பொறுக்கவில்லை. கூடையில் இருந்தவர்களில் ஒருவன் அவள் மகன் அழகன்.

"இவனத் தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. இவனா எளச்சான்? ஐயா, நீங்க கூவுனது தராசு காட்டுனதா, கழிச்சதா?"

முத்துலிங்கம் விழித்தார். "கழிச்சதுதான். கூடைக்கு, அப்பறம் ஈரக் கொழுந்துத் தண்ணிக்கு. வருசக்கணக்கா கூவுற வாய் புள்ள. அதுவா கழிச்சிருது."

"கூடைக்குச் சரிங்கய்யா. எம்மவன் கிட்ட தண்ணி எங்க இருக்கு?"

அந்த நேரம் பார்த்து, தொங்கிக்கொண்டிருந்த அழகனின் கூடையிலிருந்து சர்ரென்று கணக்கப்பிள்ளையின் சப்பாத்தின் மேல் ஒழுகியது.

"இந்தா இருக்கு தண்ணி! கழிச்சுக்கங்க ஐயா!" என்று மரியநாயகி கத்தினாள்.

மடுவமே அதிர்ந்தது. டோரீன் தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வழியச் சிரித்தாள். பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கெக்கலி கொட்டின. முத்துலிங்கம் காலை உதறியபடி தாமும் சிரித்துவிட்டார்.

"திரும்ப நிறுப்போங்கய்யா" என்றாள் டோரீன், விக்கலுக்கிடையே. "மொதல்ல வெறுங்கூடை. அப்பறம் புள்ள."

வெறுங்கூடை கொக்கியில் ஏறியது. முள் லேசாக அசைந்து நின்றது. நாள்தோறும் கூடைக்கென்று கழிக்கும் எடையில் அது பாதிகூட இல்லை. அவர் கூவும் எடையை வைத்தே கூலி வாங்கும் வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முத்துலிங்கம் தொண்டையைச் செருமினார். "கூடை காஞ்சு கெடக்கு. அதான்."

"தூறல்ல வந்த கூடைங்கய்யா" என்றாள் சண்முகவடிவு.

பிள்ளைகளை மறுபடி நிறுத்தார்கள். இம்முறை முத்துலிங்கம் முள் காட்டியதை அப்படியே கூவினார். ஒவ்வொரு எடைக்கும் பெண்கள் "ஓ!" என்று குரல் கொடுத்தார்கள். டோரீன் வெறுங்கூடையின் எடையை மட்டும் கழித்துப் பார்த்தாள்; பதினோரு பேருக்கும் எடை ஏறியிருந்தது. அழகனுக்கு மூன்று இறாத்தல் கூடுதல்.

எடை எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அறிக்கையை வாங்கிப் படித்த முத்துலிங்கம் ஒரு வரியில் நின்றார். 'வெறுங்கூடையை நிறுத்து, அந்த எடையை மட்டும் கழித்தேன்' என்று இருந்தது.

"தொரை கண்ணுல பட்டா என்னயக் கேப்பாரு. இத வெட்டிரும்மா."

மத்தியானப் பஸ் கீழே ஹாரன் அடித்தது. அதை விட்டால் அட்டனில் அறிக்கை வாங்க ஆள் இருக்காது. டோரீன் பேனாவைத் திறந்தாள். பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"வெட்டுனா, எடை எப்புடி எடுத்தேன்னு கேப்பாங்க ஐயா. அப்ப உங்க வாயி தானா கழிக்கிற கதையத்தான் எழுதணும்."

அவர் அவளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், நனைந்த சப்பாத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

டோரீன் அறிக்கையைப் படங்குக் கித்தான் துண்டில் சுற்றிக்கொண்டு, தேயிலைக்கிடையே வழுக்கி விழுந்து எழுந்து, சிரித்தபடியே ஓடினாள். பஸ்ஸின் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது, மேலே கொழுந்து மடுவத்தில் சண்முகவடிவு தன் கூடையைப் படங்கில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும் கூடைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.