பதினெட்டு முடிஞ்சிருச்சா?

முகத்தைப் பார்த்து வயசு சொல்லும் வேலை, போகப் போகக் கனவு மாதிரி ஆகிவிடும். வீட்டில் இன்ன வேலை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத சக ஊழியர்களே, உங்களுக்கு இது புரியும்.

வயது வந்தோருக்கான இணையதளங்களுக்குள் நுழைய, பதினெட்டு முடிந்ததை நிரூபிக்க வேண்டும் என்று வெளிநாடு ஒன்றில் சட்டம். கேமராவைப் பார்த்தால் மெஷினே வயசைக் கணித்துவிடும். அதற்குச் சந்தேகம் வந்த முகங்கள் மட்டும் ராஜபாளையத்தில் என் திரைக்கு வரும். ஜன்னலுக்கு வெளியே மலைமேல் மேகம் இறங்கும் சாயங்காலங்களில், தண்ணீருக்குள்ளிருந்து எழுவதுபோல் அவை ஒவ்வொன்றாய் வரும்.

இருட்டில் ஒருவர்

ஒரே மங்கல். மெஷினால் எதையும் கணிக்க முடியவில்லை. “வெளிச்சத்துக்கு வாருங்கள்” என்று எழுதினேன். அவர் மெல்லத் திரைச்சீலையை விலக்கினார். வெயில் விழுந்ததும் பஞ்சாய் வெளுத்த தலை, கோட்டு, டை. இதற்கென்றே உடுத்தியிருக்கிறார். பதில் வந்தது: “எனக்கு எண்பது ஆகிறது. அப்பாவின் அனுமதி வேண்டுமென்றால், நான்தான் அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.”

மூடிய கண்கள்

நாற்பது வயதிருக்கும் ஆண்முகம். கண்கள் மூடியிருந்தன, வாய் லேசாகத் திறந்திருந்தது. படம் மூச்சு விடுவதுபோல் ஆடியது. ஓரத்தில் லென்ஸை மறைத்தபடி ஒரு சின்ன விரல்.

யாரோ ஒரு பிள்ளை, தூங்கும் மனுஷன் முகத்தைக் காட்டி உள்ளே போகப் பார்க்கிறது. “கண்ணைத் திறந்து காட்டவும்” என்று எழுதினேன். ‘அனுமதி இல்லை’யை அழுத்தப் போகையில் பதில் வந்தது: “மெசேஜ் அனுப்பாதீங்க ப்ளீஸ், சத்தத்துல அப்பா முழிச்சிருவார்.”

அழுத்திவிட்டேன். பிறகு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை, தூங்கி வழிந்த முகமெல்லாம் அந்த அப்பாவாகவே தெரிந்தது. பக்கத்து சீட் அக்கா கேட்டார்: “என்னத்தா, எல்லாரையும் முழிச்சு முழிச்சுப் பாக்க?”

பெண் பார்க்க வந்த அன்று

வத்திராயிருப்பு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். “ஏட்டி, கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும் சொல்லு” என்று அம்மா சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை: “கம்ப்யூட்டர்ல என்ன வேலை?” சொல்லிவிட்டேன். அந்தம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அந்தக் கண்றாவியெல்லாம் நீ பாக்கியா?”

“இல்லம்மா, முகத்த மட்டுந்தான் பாக்கேன். சின்னப் பிள்ளைக உள்ள போயிரக் கூடாதுல்லா.”

அந்தம்மா யோசனையாகத் தலையாட்டினார். நான் பழக்க தோஷத்தில் மாப்பிள்ளையின் காதோர நரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது என்று தரகர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார்: “ரொம்பப் பாக்காதீங்க. தரகர் அஞ்சு வயசு கொறச்சுத்தான் சொல்லிருக்காரு.”

பொய் வயசோடு வந்தவர்களில் நான் ‘சரி’ சொன்னது அவர் ஒருவருக்குத்தான்.