மூக்கைப் பிடித்த அக்கா

கீமோ முடிந்து எனக்குக் கதிர்வீச்சு தொடங்கிய முதல் நாள், தூத்துக்குடி ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அவர். தலையில் புதுமுடி எள்ளளவு முளைத்திருந்தது. அதைச் சீப்பால் விடாமல் வாரிக்கொண்டிருந்தார்.

"சுடுமாக்கா?"

"சுடாதுளா. எக்ஸ்ரே எடுக்க மாதிரிதான். போகப்போக தோலு கறுக்கும், அசதி வரும். முடிய ஒண்ணும் செய்யாது." மறுபடி வாரினார். "ஒனக்கு எந்தப் பக்க மார்பு?"

"இடது."

"அப்போ மூச்சப் பிடிக்கச் சொல்லுவாவ, இருதயத்துல கதிர் படாம இருக்க. எங்கப்பா கடல்ல முங்கி சங்கு குளிச்சவரு, பாத்துக்க. மூச்சப் பிடின்னதும் தலைக்கு மேல வச்சிருந்த என் கை தன்னால எறங்கி மூக்கப் பிடிச்சிட்டு! மெஷின நிறுத்திட்டு டெக்னீசியன் ஓடி வாரான். மூக்கப் பிடிக்காம எப்படிய்யா முங்கன்னு கேக்கேன்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளே, "மூச்சைப் பிடிங்க" என்று ஸ்பீக்கர் சொன்னதும் அந்தச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாலாவது தடவைதான் மூச்சைப் பிடிக்க முடிந்தது.

இறங்கும்போது டெக்னீசியனிடம் கேட்டேன்: "வெளியே பெஞ்சுல இருக்கிற அந்த அக்கா நிஜமாவே மூக்கைப் பிடிச்சாங்களா?"

"அவங்களுக்கு வலது பக்கம்மா. மூச்சே பிடிக்க வேண்டாமே."

வெளியே அவர் தலை வாரிக்கொண்டிருந்தார். அப்பா சங்கு குளித்ததாவது நிஜமா என்று நான் கேட்கவே இல்லை.