வாயைத் திறந்து பேசப் பழகியது

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவர்கள் வாயைத் திறந்து பேச மாட்டார்கள். அலுமினியத் தூள் காற்றில் நிற்கும். வாயைத் திறந்தால் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் சோறு இறங்காது. அதனால் பழைய சேலைத் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, துணிக்குள்ளேயே உதட்டை அசைக்காமல் பேசுவோம். ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். நாலு பேர் பேசுவதும் அந்த நாலு பேருக்கு நன்றாக விளங்கும். பிள்ளைப்பேறு, மாமியார் சண்டை, சினிமா எல்லாவற்றையும் அந்தத் துணிக்குள்ளேயே பேசித் தீர்த்தவர்கள் நாங்கள். போர்மேன் வாசலில் வந்து நின்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அதில் எங்களுக்கு ஒரு கெத்தும் இருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனால் பேச்சில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்ட பிறகு என் வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ரெண்டு அறையும் தளமும் நான் மருந்து அள்ளிய காசில் எழுந்தவை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான்.

போன வருஷம் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தவன், போனை வைக்காமலே பக்கத்தில் இருந்த மருமகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அம்மாவுக்கு வாய் குளறுது. ஒரு பக்கம் இழுத்திருக்குமோ என்னமோ."

பிறகு என்னிடம், இனி நான் தனியாக இருக்க வேண்டாம் என்றான். தீபாவளி முடிந்ததும் வண்டி பிடித்துக்கொண்டு வருவானாம், சாமானை ஏற்றிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடலாமாம். நான் வரமாட்டேன் என்பதை ஒவ்வொரு காரணமாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, அப்ப அதான் முடிவு" என்று வைத்துவிட்டான். நான் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். திரும்பக் கூப்பிட்டேன். "விளங்கலம்மா, அப்பறம் பேசுதேன்" என்றான்.

மறுநாள் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கை ரெண்டையும் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, இருந்தாலும் சிரித்தேன். வாதமும் இல்லை ஒன்றும் இல்லை, வாயைத் திறந்து பேசினாலே போதும் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் திறந்துதானே பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னதை மகனுக்குப் போனில் பேசி அனுப்பினேன். எழுதி அனுப்ப நேரம் பிடிக்கும் என்பதால் குரலைத்தான் அனுப்புவது வழக்கம். அன்றைக்கு விரல் தப்பி, அனுப்பினதையே அழுத்திவிட்டேன். வாய் நிறையச் சோற்றை அடக்கிக்கொண்டு ஒரு கிழவி போனுக்குள் ஏதோ முனகினாள். யார் இவள் என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அடுப்படியில் தனியாக நின்று பேசிப் பார்த்தேன். சுவருக்கு விளங்கியதா என்று சுவரிடம் கேட்க முடியாது. எனக்கு விளங்குவதும் கணக்கில் வராது.

அப்போதுதான் பின்தெருக்காரி நினைவுக்கு வந்தாள். அவள் என்னோடு அந்த நாலு பேரில் ஒருத்தியாக இருந்தவள், என்னைவிட வயதில் இளையவள். கம்பெனியில் அடுத்த அறை வெடித்த அன்றைக்கு எங்கள் அறைக்குச் சேதம் இல்லை, சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்தில் அவளுக்கு ரெண்டு காதும் போய்விட்டன. அதிலிருந்து எதிராளியின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். கடைக்காரர், கண்டக்டர், பேரப்பிள்ளைகள் எல்லோரிடமும் பேசுவாள். என்னிடம் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். ஏதோ வருத்தம் என்று நானும் அவள் பக்கம் போவதை விட்டிருந்தேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து பட்டாசுக்குத் தாள் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்துச் செய்கிற வேலை, மருந்து கிடையாது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். என் வாயையே பார்த்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்லுவாள்.

"மதினி, உங்க வாய் பூட்டியே கெடக்கு. ஒரு வார்த்தையும் வெளிய தெரியல. இம்புட்டு வருசமா நீங்க பேசுறதும் பேசாததும் எனக்கு ஒண்ணுதான்."

எதிர் வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. வீட்டை நினைத்து உட்கார்ந்தபடியே, இதைத் திறக்கச் சொல்லிக்கொடு என்று வாயைத் தொட்டுக் காட்டினேன்.

வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி என்னைத் திருப்பி உட்காரவைத்தாள். நான் பேச ஆரம்பித்ததும் கை தானாக முந்தானையை இழுத்து வாயில் வைத்தது. துணி கட்டின வாய், கட்டு இல்லாமல் அதற்குப் பேசத் தெரியவில்லை. அவள் என் கையை இறக்கிவிட்டாள். திரும்பவும் ஏறியது.

"கையைச் சும்மா விட்டாத்தான அங்கன போகும்" என்று ஒரு கட்டுத் தாளை என் மடியில் போட்டாள்.

அப்புறம் தினமும் சாயங்காலம் அவள் வாசலில் குழாய் உருட்டிக்கொண்டே பேசினேன். அவளுக்கு விளங்கினால் தலையாட்டுவாள், விளங்காவிட்டால் உருட்டுவதை நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான் பாடம். முதலில் அவள் கை நின்றே கிடந்தது. வேகமாகச் சொன்னாலும் நிற்கும், கோபமாகச் சொன்னாலும் நிற்கும். ஒரு வார்த்தையை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் மட்டும் ஓடும். தாடை வலித்தது. கம்பெனி வேனிலிருந்து இறங்கி வருகிற பெண்கள், "என்ன பெரியம்மா, இந்த வயசுல பள்ளிக்கூடமா?" என்று கேலி பண்ணிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பழைய மாதிரி முனகலிலேயே ஒரு பதில் சொன்னேன். அவர்களுக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே போனார்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் இருக்கும்போதே மகன் கூப்பிட்டான். நாளைக்கு வண்டிக்கு முன்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னான். நான் தாளைக் கீழே வைக்கவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். அவள் எதிரே உட்கார்ந்து என் வாயைப் பார்த்தாள்.

"வண்டி வேண்டாம். நான் வரல. எனக்கு நோவு ஒண்ணும் இல்ல, டாக்டர் பார்த்துட்டாரு. இது நான் கட்டுன வீடு. இங்கனதான் இருப்பேன்."

எதிரே அவள் கை நிற்காமல் உருட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் மகன் கேட்டான்.

"யம்மா, கோவமா இருக்கியா?"

"கோவம் இல்லய்யா. உனக்குக் கேக்குற மாதிரி சொல்லுதேன்."

"அன்னைக்குச் சரின்னுதான சொன்ன?"

"சொல்லல. அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்."

மருமகளிடம் போனைக் கொடுத்தான். அவள் என்னைச் சும்மா ரெண்டு கேள்வி கேட்டாள், என்ன சமைத்தேன், மழை உண்டா என்று. சோதித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னேன். பிறகு மகன் வாங்கி, தீபாவளிக்குப் பிள்ளைகளோடு பஸ்ஸில் வருவதாகவும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். நேரிலும் இதைத்தான் சொல்லுவேன் என்றேன். "அது தெரியுது" என்று வைத்தான்.

நான் பேசினது எதிரே இருந்தவளுக்குத் தெரியும், மகன் பேசினது தெரியாது. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னங்கான்?" என்று தெருவே திரும்பும்படி கேட்டாள்.

முந்தானையைத் தொடாமல், வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டிச் சொன்னேன்.

"வண்டி வராது."

ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு, என் மடியில் கிடந்த தாளைக் காட்டினாள். இன்னும் பாதிக் கட்டு மிச்சம் இருந்தது.