மூன்று பூட்டுக் கதவு

தேசத்தின் படைத் தலைமையகத்தில் ஆயிரத்து நானூறு கதவுகள். அத்தனைக்கும் ஒரே பூட்டுக்காரர். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால்தான் ஆபத்து வந்தால் லாரியும் படகும் ஹெலிகாப்டரும் ஒரே சொல்லுக்குக் கிளம்புகின்றன. இதைச் சொல்லிச் சொல்லியே பத்தொன்பது வருடமாக மனைவியின் காதைக் குடைந்தவர் அவர்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள், அங்கே மூன்று. அவசரக் கட்டளை அறைக்குச் சாவி யாரிடம் இருப்பது என்று தளபதிகளுக்குள் எட்டு மாதம் இழுபறி. கடைசியில் ஒரே கதவில் ஆளுக்கொரு பூட்டு. ஒன்று போதும் என்று பூட்டுக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? மேலே, நடுவே, கீழே என்று வரிசையாகத் திருப்பினால்தான் திறக்கும் என்று பாடம் நடத்திவிட்டு மாட்டிக் கொடுத்தார்.

அன்று காலை ஆற்று நகரத்தில் அணை உடைந்தது. தங்கையின் பிரசவத்துக்கு அங்கே போயிருந்த மனைவி, பச்சைக் குழந்தையோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறோம் என்று சொன்னதோடு தொலைபேசி செத்துவிட்டது. பூட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் காவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார்: தளபதிகள் மூவரும் நான் முந்தி நீ முந்தி என்று சாவியைத் திருப்பியதில் கதவு இறுகிவிட்டது. மீட்புக்கு ஆணை அனுப்பும் வானொலிக் கருவிகளும் வரைபடங்களும் உள்ளே. நாட்டையே காக்கிறவர்கள் பேருந்தைத் தவறவிட்டவர்கள் போல நடைவழியில்.

பூட்டை அறுக்க மூன்று துறையின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று ஓர் அதிகாரி ஆரம்பித்தார். பூட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடப்பாரையைக் கதவடியில் செருகினார். தளபதி என்றும் பார்க்கவில்லை.

"மூணு பேரும் சாவியைப் புடிங்க. நான் கதவைத் தூக்கறப்போ ஒண்ணா பின்னால திருப்பணும். யாரும் முந்தக் கூடாது."

உயரமானவர் மேல் பூட்டில், அடுத்தவர் குனிந்து, தொந்திக்காரர் தரையில் சப்பணமிட்டு. முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை தொந்திக்காரர் முந்திவிட்டார். பூட்டுக்காரர் முறைத்த முறைப்பில் சாவியிலிருந்து கையை எடுத்தே விட்டார். மூன்றாவது தடவை, பூட்டுக்காரர் தோள் கழன்றுவிடும் போலத் தூக்கினார். கடக். சிக்கியிருந்த தாழ் விடுபட்டது. பிறகு மேலிருந்து வரிசையாகத் திருப்பினார்கள்; கதவு திறந்தது. எல்லோரும் அவரை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். பத்தே நிமிடத்தில் மேலே ஹெலிகாப்டர்கள் உறுமின. அந்தச் சத்தத்தில் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அதிகாரி ஒரு தாளோடு வந்தார். தளபதிகள் வெளியே மாட்டிக்கொண்ட கதை வெளியே போகக் கூடாது, மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது. பூட்டுக்காரர் ஒப்பமிட்டார்.

மாலையில் முகாமிலிருந்து மனைவி பேசினாள். எல்லோரும் பத்திரம்.

"நாட்டையே நடத்தற கட்டடம்னு பீத்திக்குவீங்களே. நாலு மணி நேரம் மாடியில நின்னோம். எங்களுக்காக ஒரு துரும்பையாவது நகத்துனீங்களா?"

"ஒரு கதவு மக்கர் பண்ணிடுச்சு. அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்."

"நான் தண்ணியில தத்தளிக்கிறேன், உங்களுக்குக் கதவுதான் பெருசா?"

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. உயிரோடு இருந்தால்தானே திட்ட முடியும். திட்டட்டும் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.