சில்லுக்குக் கீழே ஒரு கட்டை

கனடாவிலிருந்து மகள் அனுப்பிய அந்த வண்டிக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்கள் கரையில் அதை யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை. நான்கு சில்லு, ஓர் இருக்கை, முன்னால் கைபிடி, அடியில் பற்றரி. பார்த்தவுடனேயே எல்லாரும் அதை "மோட்டர்க் கதிரை" ஆக்கிவிட்டார்கள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவே தடுமாறிய ஊர், கதிரைக்குப் பெயர் வைக்க மட்டும் யோசிக்கவே இல்லை.

நான் மீன் கூறுகிறவன். விடியும் நேரத்தில் படகுகள் வந்து சேர, மீனைக் குவித்து வைத்து, சத்தமாக விலை சொல்லி ஏற்றி, கூடக் கேட்டவருக்குக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பல வருடம் கடலுக்குப் போனவன். கால் போன பிறகு நான் பயந்தது ஒன்றுக்குத்தான். கூறுகிற கொட்டகைக்கு என்னை யாராவது தூக்கிக்கொண்டு போய் வைக்கிற நிலை வந்துவிடுமோ என்று. தூக்கி வைத்த ஆளின் குரலுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? போனால் நானாகப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டும். அப்படித்தான் முடிவெடுத்திருந்தேன். யாராவது தோளைப் பிடித்தால் கையைத் தட்டிவிடுவேன். ஆஸ்பத்திரியில் தாதியிடம் அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

அதனால் கதிரை வந்த அன்று நான் அழுதேன். மகளிடம் சொல்லவில்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கைபிடியில் ஒரு திருகு. அதன் ஒரு பக்கத்தில் முயல் படம், மறு பக்கத்தில் ஆமை. முயலை மனைவி பொறுத்துக்கொண்டாள். ஆமையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "ஆமையை வீட்டுக்குள்ளை எடுக்க ஏலாது" என்று வாசலிலேயே மறித்தாள். பூசைக்குத் தவறாமல் போகிறவள்தான், ஆனாலும் ஆமை விசயத்தில் அவளோடு வாதாடிப் பயனில்லை. கடைசியில் மாதா ஸ்ரிக்கர் ஒன்றைக் கொண்டுவந்து ஆமைக்கு மேலே ஒட்டினாள். அன்று முதல் எங்கள் வீட்டில் மெதுவாகப் போவதற்குப் பெயர் மாதாப் பக்கம். ஒவ்வொரு விடியலும் வாசல் படலையடியில் நின்று, "இஞ்சேருங்கோ, மாதாப் பக்கம்!" என்று கத்துவாள். முழு ஒழுங்கைக்கும் கேட்கும்.

ஓட்டப் பழக்கியது மகள்தான், தொலைபேசியில். "வலது பக்கத் தட்டை அமத்தினா ஓடும், கையை விட்டா நிக்கும். பயம் வந்தா உடனை கையை விடுங்கோ அப்பா. அவ்வளவுதான்."

எனக்கு அது பிடித்திருந்தது. முயல் பக்கம் திருப்பினால், சைக்கிளில் பூசைக்குப் போகிற என் வயதுக்காரரை முந்தலாம். முந்தினேன், மணியும் அடித்தேன். ஒரு ஞாயிறு கோயில் வளைவில் அதே வேகத்தில் திரும்பியபோது உள்பக்கச் சில்லு தரையை விட்டு எழும்பியது. அதற்குப் பிறகு வளைவு கண்ட இடத்திலெல்லாம் நானாகவே மாதாவிடம் திரும்பினேன். எதிர்க்காற்று என்றால் பற்றரி சீக்கிரம் இறங்கும், நனைந்த சீமெந்தில் மெதுவாகப் போக வேண்டும், மணல் மட்டும் ஆகவே ஆகாது. ஒரு புதுப் படகைப் பழகுவது போல இதெல்லாவற்றையும் பழகினேன். கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்து, கதிரையில் இருந்தபடியே முதல் விலையைச் சொன்ன காலையில் என் குரல் பழைய குரலாகவே இருந்தது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகு வந்து கரை தொட்டால், பக்கத்தில் நிற்பது யாரானாலும் ஒரு கை வைக்க வேண்டும். யாரும் கூப்பிடுவதில்லை. இழுத்து ஏற்றியதும் கையைத் தட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நன்றி சொல்வதும் இல்லை. சொன்னால் வெளியூர் ஆள் என்று நினைப்பார்கள்.

ஒரு நாள் இரவு முழுக்கக் காற்று. விடியப் போனபோது கொட்டகை வாசலில் மணல் ஏறிக் கிடந்தது. பார்த்துப் போயிருக்கலாம். கதிரை புதைந்து நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்பே நாலைந்து பேர் வந்து கை வைத்துவிட்டார்கள். வேறு நேரமென்றால் கத்தியிருப்பேன். ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்க்கவில்லை. படகுக்குக் கை வைப்பது போலத்தான் வைத்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. அது எனக்கே புதினமாக இருந்தது.

கதிரை அசையவில்லை. சில்லுகள் இறுகிப் போயிருந்தன.

"கியரிலை கிடக்குது போலை. பின்னாலை ஒரு லீவர் இருக்கு அண்ணை. நியூட்ரலிலை விடட்டே?" என்று ஒருவன் கேட்டான்.

"ஓம், விடு" என்றேன்.

படகு எஞ்சின் பிடித்த எவரைக் கேட்டாலும் நியூட்ரல் என்றால் பயமில்லாத இடம். விசிறி சுற்றாது, படகு பாயாது. கரைக்கு வந்தால் கை தன்பாட்டில் முதலில் செய்கிற காரியம் அதுதான். லீவரைத் தள்ளியதும் கதிரை சுகமாக உருண்டது. மணலிலிருந்து பின்னால் இழுத்தெடுத்து, படகு ஏற்றுகிற சீமெந்துச் சரிவின் உச்சியில், கடலைப் பார்த்தபடி என்னை விட்டார்கள். கையைத் தட்டினார்கள், போய்விட்டார்கள். படகை அப்படி விட்டால் விட்ட இடத்தில் கிடக்கும். கதிரைக்குச் சில்லு இருக்கிறது என்பதை அவர்களும் மறந்தார்கள், நானும் மறந்தேன்.

கதிரை இறங்கத் தொடங்கியது. மகள் சொன்னது ஞாபகம் வந்தது. கையை விட்டேன். நிற்கவில்லை. சரியாக விடவில்லையோ என்று இரண்டு கையையும் மேலே தூக்கினேன். இன்னும் வேகமாகப் போனது. நான் அந்தரித்துச் செபம் சொல்கிறேன் என்று நினைத்ததாக ஒருவர் பிறகு சொன்னார். சொல்லியிருக்கலாம், நேரம் கிடைக்கவில்லை.

சரிவின் நடுவில் மீன்காரி ஒருத்தி நின்றாள். எங்களிடம் மீன் வாங்கிக் கோப்பாய்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். என்னோடு சண்டை பிடிக்காமல் அவள் ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை. நான் வருவதைக் கண்டதும், அப்போதுதான் மீன் நிரப்பி வைத்த பெட்டியைக் காலால் உதைத்துக் கதிரைக்கு முன்னால் தள்ளினாள். முன்சில்லு பெட்டியில் மோதியது. நெஞ்சு கைபிடியில் இடிபட நான் நின்றேன். தண்ணீருக்குக் கொஞ்சத் தூரம்தான் இருந்தது. பெட்டியின் மூலை உடைந்து, விளைமீன் எல்லாம் சரிவில் சிதறிக் கிடந்தது.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? என்ரை மீனைப் பாருங்கோ!" என்று கத்தினாள். கத்தியபடியே, கதிரை மறுபடி உருளாதபடி பெட்டியில் காலை ஊன்றிக்கொண்டாள். குனிந்து ஒரு மீனைப் பொறுக்கிக் கொடுக்கக்கூட என்னால் முடியவில்லை.

மகளுக்குச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். "அந்த லீவர் ஆள் இல்லாத கதிரையைத் தள்ளுறதுக்கு அப்பா. அதை எடுத்தா மோட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை. நீங்கள் ஏறி இருக்கேக்கை அதை ஒருத்தரையும் தொட விடாதேங்கோ." லீவரைத் திருப்பிப் போட்டு, ஒருவரும் தொடாதபடி சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டினேன். ஆனால் அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மனைவி சார்ஜர் வயரைச் சுருட்டி அலுமாரியில் வைத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. பயம் ஒரு பக்கம், எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிக்கொண்டு உருண்ட வெட்கம் மறு பக்கம். எனக்குப் பதிலாக வேறோர் ஆள் கூறுவதாகக் கேள்விப்பட்டேன். அத்தோடு சரி, இனி வீடுதான் என்று நினைத்தேன்.

ஒரு பின்னேரம் படலையடியில் சத்தம். மீன்காரிதான். உடைந்த மூலையைக் கயிற்றால் வரிந்து கட்டிய அதே பெட்டியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"உங்கடை இடத்திலை நிக்கிற ஆள் நல்ல மனிசன். நான் கேட்கிற விலைக்குத் தாறார்" என்றாள்.

"அப்ப நல்லதுதானே தங்கச்சி."

"என்ன நல்லது? சண்டை பிடிக்காமல் வாங்கின மீனை விக்கவே எனக்கு மனம் வரேல்லை. நாளைக்கு வாங்கோ." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

உள்ளே அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மனைவி வயரை எடுத்துவந்து கதிரைக்குச் சொருகினாள்.

விடிய, மாதாப் பக்கத்திலேயே போனேன். கொட்டகை வாசலில் மணல் கூட்டி ஒதுக்கியிருந்தது. நான் நிறுத்தியதும், வலை தூக்கிக்கொண்டு பக்கத்தால் போன ஒருவன் ஒரு மரக்கட்டையைக் காலால் தட்டிச் சில்லுக்குக் கீழே செருகிவிட்டு, நிற்காமல் போனான். பழைய படகுப் பலகையில் ஆப்பு மாதிரி வெட்டிய கட்டை, தொலையாமலிருக்க நைலோன் கயிற்றால் கொட்டகைத் தூணில் கட்டியிருந்தது. யார் செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் நான் போய் நிற்கிற ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவருடைய கால் அதைத் தள்ளிவிடுகிறது. தள்ளச் சொல்லி நான் கேட்பதில்லை. அவர்களும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இவ்வளவு காலமும் எத்தனை கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்! அந்தக் கால்களில் ஒன்றைக்கூடத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பிப் போன அந்தக் காலையில் முதல் குவியல் விளைமீன். கயிறு கட்டிய பெட்டியோடு மீன்காரி முன்னால் வந்து நின்றாள். இத்தனை நாளாக மனதுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று, "தங்கச்சி, அண்டைக்கு நீ..." என்று தொடங்கினேன்.

"விலையைச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள்.

சொன்னேன். அவள் அதில் பாதியைக் கேட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் யாரோடும் சண்டை பிடித்ததில்லை.