கமீன் கல்லில் உள்ளி இடித்தது

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் இன்னொன்று மறந்துபோகும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபுக்கு வெளியே மகன் ஒரு பழைய வீடு வாங்கினான். கூடத்தில் ஒரு கமீன் இருந்தது, விறகெரித்துக் குளிர்காயும் கணப்பு. அதைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய செங்கல்லைக் கழற்றிவிட்டு இயற்கைக் கல் பதிப்பதென்று முடிவானது. மகனுக்குக் கருங்கல் வேண்டும். மருமகளுக்கு வெள்ளைச் சலவைக்கல். இரண்டு பேரும் கணினியில் வரைந்த படங்களில் கமீன் சுவரோடு சுவராகத் தட்டையாக நின்றது. எனக்கு வேண்டியதோ, பக்கத்தில் முழங்காலுக்குச் சூடு காட்டிக்கொண்டு இருக்க, பெஞ்சுபோல நீளமாக ஒரு கல் வாங்கு. அவர்கள் வீட்டில், அவர்கள் சண்டைக்கு நடுவில், எனக்கு ஒரு வாங்கு போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? வாயைத் திறக்கும்போதெல்லாம் "தேத்தண்ணி போடவோ" என்றுதான் வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் தேத்தண்ணிக்குக் குறைவே இல்லை.

வீடு மாறியதில் என் கல்லுரல் எந்தப் பெட்டிக்குள் போனதென்று தெரியவில்லை. உள்ளிப்பூண்டு இடிக்க ஒரு கல் இல்லையே என்று புலம்பிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் காலை குசினிக்குள் போனால், யன்னலோரம் உள்ளங்கையளவில் நாலு கல். பிள்ளை என் புலம்பலைக் கேட்டு, எது வசதியென்று பார்க்கட்டும் என்று நாலு வகை கொண்டுவந்திருக்கிறான் என நினைத்தேன். கண் கலங்கிப்போனது. கல்லுக்கடையில் மாதிரிக்குக் கொடுத்துவிட்டவை அவை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் மஞ்சள் கல்லில் உள்ளி இடித்தேன். அன்று சம்பலில் மண் கடிபட்டது. மகன் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான், பிறகு விழுங்கினான். வெள்ளைக் கல்லில் புளியை வைத்தேன். பளபளப்புப் போய் வட்டமாக மங்கியது. சாம்பல் நிறக் கல் மிகவும் மெது. மிளகைக் குற்றினால் மிளகோடு கல்லும் மாவாகும். அன்றைக்கு ரசம் நல்ல தடிப்பாக இருக்கிறதே, என்ன போட்டீர்கள் என்று மருமகள் கேட்டாள். கறுப்புக் கல் மட்டும்தான் சொன்னபடி கேட்டது.

சாம்பல் கல்லைச் சமையலில் இருந்து விலக்கி, சுவரில் இருக்கும் சூடாக்கியின் மேல் வைத்தேன். பின்னேரம் துவாயில் சுற்றி முழங்காலில் வைத்தால், நித்திரை வரும்வரை சூடு ஆறவில்லை. காலையில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். வேலைக்கு ஓடுகிறவர்கள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை கல்லுக்கடையில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நேரம். மருமகள் நாலு கல்லையும் பையில் போட்டாள். என்னையும் காரில் ஏற்றினார்கள். என் கல்லுகளை ஏன் கொண்டுபோகிறார்கள் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் வெள்ளை மீசை வைத்த ஜெர்மன்காரர். கறுப்புக் கல்லை எடுத்தவர், அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். வெள்ளையில் இருந்த வட்டத்தைத் தடவினார். சாம்பல் கல்லின் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏதோ கேட்டார்.

"அம்மா, இதுகளை என்ன செய்தனீங்கள்?" என்றான் மகன்.

"உள்ளி இடிச்சனான் தம்பி. நீ எனக்கெண்டுதானே கொண்டுவந்தனீ?"

"அப்ப அந்த ரசம்?" என்றாள் மருமகள்.

"கல்லு ரசம்," என்றான் மகன். "நீர் ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சனீர்."

அவன் ஜெர்மனில் விளக்கியதும் கடைக்காரர் கொடுப்புக்குள் அடக்கிச் சிரித்தார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஒளிய இடம் தேடி, பார்வைக்கென்று மூலையில் எரியவிட்டிருந்த ஒரு கமீனின் அந்தப் பக்கம் போனேன். அங்கே சாம்பல் கல்லில் நீளமாக ஒரு வாங்கு. இருந்தேன். குளிருக்குப் போட்டிருந்ததையெல்லாம் தாண்டி, சூடு எலும்பு வரைக்கும் வந்தது.

மறுபக்கத்தில் சண்டை தொடர்ந்தது. புளி பட்டால் மங்குகிற வெள்ளை சரிவராது என்று மகன் சொன்னான். உள்ளி மணக்கிற கறுப்பைக் கூடத்தில் ஒட்ட விடமாட்டேன் என்று மருமகள் சொன்னாள். ஒன்றும் முடிவாகாமல், இன்னொரு டெர்மின் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள்.

"எழும்புங்கோ அம்மா, போவம்."

"ஏலாது," என்றேன்.

முழங்கால் நோவாக்கும் என்று மகன் கை கொடுத்தான்.

"நோகேல்லை. அதுதான் ஏலாது. எனக்கு இப்பிடி ஒரு வாங்கு வேணும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மருமகள் என்னைச் சமாதானப்படுத்தப் பக்கத்தில் வந்து இருந்தாள். இருந்தவள் பிறகு எழும்பவில்லை. மகன் கிட்ட வந்தான்.

"தள்ளி இரும்," என்றான் மருமகளிடம்.

அந்தச் சாம்பல் கல்தான் இப்போது எங்கள் கூடத்தில், வாங்கோடு. இடம் போய்விடும் என்று நான் வேளைக்கே போய் இருந்துவிடுவேன். தேத்தண்ணி இப்போது மகன் போடுகிறான்.

அந்தக் கல்லை எனக்கு மாக்கல் என்றுதான் தெரியும். இங்கே அதற்கு வேறு பெயர். அது பின்லாந்துக் கல்லென்றாரா நோர்வேக் கல்லென்றாரா என்பதும் மறந்துபோனது. இதைப் பிரதி எடுக்கிற பிள்ளை தயவுசெய்து மருமகளிடம் கேட்டுச் சரிபார்க்கவும். ரசத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.