செல்வாம்பாள் காத்திருந்த வருஷம்

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் கோவிந்தராசு என்று ஒருவர் இருந்தார். மில்லில் நூல் நூற்கிற பக்கம் வேலை. அவருடைய ஒரே பெண் செல்வாம்பாள். எழுபத்தாறில் அவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நர்சிங் படிக்கவேண்டும் என்பது அவளாக எடுத்த முடிவு. ஆனால் பதினேழு வயது முடிந்திருக்கவேண்டும், அடுத்த வருஷம் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு வருஷம் சும்மா உக்காந்து என்னா பண்ணப்போற? இங்க பக்கத்துல மேட்டுப்பாளையத்துல சோப்புக் கம்பெனில பொட்டி மடிக்க ஆள் எடுக்கறாங்களாம், போயேன்" என்றாள் அம்மா குஞ்சம்மாள்.

செல்வாம்பாளுக்கு வேறு கவலை இருந்தது. அவளுக்குப் புண்ணைப் பார்த்தால் ஆகாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கட்டி உடைந்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டவள். இதை வைத்துக்கொண்டு எப்படி நர்சாக முடியும் என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தாள்.

தெருக்கோடியில் அரிகிருஷ்ணன் குடியிருந்தார். தொழுநோய் இன்ஸ்பெக்டர். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஆட்களின் முதுகையும் கையையும் பார்த்து, தேமல் மாதிரி இருக்கிற இடத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. தவளக்குப்பத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் கிளினிக் நடந்தது. புண் கட்டுவதற்கு அங்கே யாரும் நிலைத்து நிற்கவில்லை. செல்வாம்பாள் அவரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, அங்க நான் வந்து கட்டுப் போடட்டுமா?"

"ஒங்க வீட்ல விடமாட்டாங்களே."

"அப்பாகிட்ட கேட்டுட்டேன். இப்பவே பழகிட்டா அங்க போறப்ப கை கூசாது."

குஞ்சம்மாள் மூன்று நாள் பேசவில்லை. கோவிந்தராசு மட்டும், "படிக்கப் போறதும் இந்த வேலைக்குத்தானே" என்று சொல்லி பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்தார்.

முதல்நாள் வந்தவர் முருகையன் என்கிற கிழவர். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். இரண்டு பாதமும் மரத்துப்போய், வலது காலில் குழி விழுந்த புண். துணியைப் பிரித்ததும் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தபோது கிழவர் தானே காலைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"நீ மூஞ்ச அந்தாண்ட வச்சிக்க பாப்பா. தண்ணி மட்டும் ஊத்து, போதும்."

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்குப் பழகிவிட்டது. பாதத்தை ஊறவைத்து, காய்த்த தோலைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் தடவி, மஞ்சள் மருந்து வைத்துக் கட்டுவாள். மற்ற நாட்களில் அரிகிருஷ்ணனோடு ஊர்களுக்கும் போனாள். பெண்கள் அவரிடம் முதுகைக் காட்டமாட்டார்கள், அவளிடம் காட்டினார்கள். "மறைக்காதீங்க ஆயா, ஆரம்பத்துலயே பாத்தா சரியாயிடும்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு நடந்தாள். முருகையனின் புண் அவள் கையில் பாதிக்கு மேல் ஆறியிருந்தது. அந்த வருஷம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

மே மாதம். நர்சிங் ஸ்கூலுக்கு மறுபடி மனு போட்டாகிவிட்டது. ஒரு மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. இடது முழங்கைக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் வேர்க்கவில்லை. கொஞ்சம் வெளிறின இடம். வெயிலில் வந்த தேமல் என்று அதுவரை நினைத்திருந்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

"யம்மா, ஒரு பஞ்செடுத்து என் கையில அங்கங்க தொடு. நான் கண்ண மூடிக்கறேன். நீ தொடற எடத்த நான் வெரல வச்சிக் காட்டறேன்."

"இது என்னாடி வெளையாட்டு? ஒலையில அரிசி கெடக்குது."

"தொடும்மா."

குஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தாள். மணிக்கட்டில் தொட்டாள். செல்வாம்பாள் விரல் வைத்துக் காட்டினாள். உள்ளங்கையில் தொட்டாள், காட்டினாள். தோளில் தொட்டாள், காட்டினாள். பிறகு கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தாள்.

"தொடும்மா."

"தொட்டுக்கிட்டுதானடி இருக்கேன்."

கண்ணைத் திறந்தாள். அம்மாவின் விரலும் பஞ்சும் அந்த இடத்தின் மேல்தான் இருந்தன.

"சரி, போம்மா. ஒல பொங்குது பாரு" என்றாள்.

மறுநாள் அரிகிருஷ்ணன் இரண்டுதடவை சோதித்துப் பார்த்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார். "ஒரே எடந்தான். இது அடுத்தவங்களுக்கு ஒட்டற ரகம் இல்ல. மாத்திர சாப்ட்டா போயிடும். இங்க வந்ததால வந்துச்சின்னு நெனச்சிக்காத. இது வெளிய தெரிய வருஷக்கணக்கா ஆவும். சின்னதுலயே எங்கனா பட்டிருக்கும்."

"ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா அண்ணே?"

"நீயா ஏன் சொல்ற? முழங்கை வரைக்கும் ரவிக்க போட்டுக்க. யாரு கேக்கப்போறா?"

ஜூலையில் நேர்முகத்தில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியாக டாக்டர் பரிசோதனை. வயதான பெண் டாக்டர். கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்ததாகப் பிற்பாடு அவள் சொன்னாள். ஆனால் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வைத்தியம் முடிச்சிட்டு வாம்மா, அப்ப பாக்கலாம்" என்றார்.

வீட்டில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. குஞ்சம்மாள் அழவில்லை. வயசுக் கணக்கில் ஏதோ கோளாறு, அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை, அடுப்படியில் தனியாக ஓர் அலுமினியத் தட்டு ஆணியில் தொங்கியது. செல்வாம்பாள் ஒன்றும் கேட்காமல் அதிலேயே சாப்பிட்டாள். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த கோவிந்தராசு அந்தத் தட்டை எடுத்துச் சோறு போட்டுத் தின்று, கழுவி, மற்ற தட்டுகளோடு அடுக்கினார். சாயங்காலமே அது ஆணிக்குத் திரும்பிவிட்டது. இப்படி அந்தத் தட்டு கொஞ்சகாலம் அங்கும் இங்கும் போய்வந்தது.

அவள் தவளக்குப்பத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையை அரிகிருஷ்ணனே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஐப்பசி மழையெல்லாம் அவள் வாசலுக்குக்கூட வராமல் கிடந்தாள். மார்கழியில் மாத்திரை கொண்டுவந்தவர், "முருகையனுக்குக் கால எடுத்துட்டாங்க" என்றார். புதிதாக வந்த ஆள் மருந்தை மேலாக வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறான். புண் எலும்புக்குப் போய்விட்டது.

அந்த வாரமே அவள் பஸ் ஏறினாள். முருகையன் கிளினிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"படிக்கப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"போவல தாத்தா."

"ஏன்?"

அவள் கையைக் காட்டினாள். கிழவர் குனிந்து பார்த்தார். அப்புறம், "இந்தக் கால் நல்லாதான் இருக்குது, கைய எடு" என்றார். அவள் எடுக்கவில்லை.

அதன்பிறகு அவள் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். முருகையன் எண்பதில் காய்ச்சலில் செத்துப்போனார். எண்பத்திரண்டில் அவளுக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். நோய் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி நர்சிங் ஸ்கூலுக்குப் போனாள். அதற்குள் படிப்பு முறையே மாறிவிட்டது. பழைய பதினொன்றாவது போதாது, பிளஸ் டூ வேண்டும் என்றார்கள். ஜன்னலில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவள் அங்கிருந்து பஸ் ஏறாமல் முதலியார்பேட்டை வரைக்கும் நடந்தே வந்தாள்.

கல்யாணம் கூடவில்லை. இரண்டு இடம் வந்து, எப்படியோ விஷயம் தெரிந்து நின்றுபோனது. எண்பத்தைந்தில் கோவிந்தராசு இறந்தார். குஞ்சம்மாளும் மகளும் அதே வீட்டில் இருந்தார்கள்.

அரிகிருஷ்ணனுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது எண்பத்தேழில். கடைசி நாள் கிளினிக் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் செல்வா. என்கூட வராம இருந்திருந்தா, நீ கண்டுபிடிச்சிருக்கவே மாட்ட. ஸ்கூல்லயும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாண்ணே. வெரல் மடங்கினப்புறந்தான் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப நல்லதுதான்னு வச்சிக்கவா?"

அவள் யோசித்தாள். "நல்லதுதான். ஆனா கொஞ்ச நாளாவது நர்சா இருந்திருப்பேன்."

அவர் பெடலில் கால் வைத்தார். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடலூர் ரோட்டில் சைக்கிளை மிதித்தார். உள்ளே பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தை மூடி முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். செல்வாம்பாள் போய் எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்து, எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தாள்.